தகடு ஏன் தலை தூக்குகிறது?

தகட்டு உருட்டாலையில் நெடுங்காலம் பணியாற்றிய பொறியாளர் ஒருவர், சூடான தகடுகள் வளைவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: சூடான பாளம் (தகடாக உருட்டப்படும் தடித்த எஃகுக் கட்டி) ரோல்களுக்கு இடையிலிருந்து வெளியே வரும்போது அதன் முன்முனை சில வேளை மேலே வளைகிறது, சில வேளை கீழே குனிகிறது. மேல் ரோலும் கீழ் ரோலும் ஒரே விசையில்தானே அழுத்துகின்றன? பிறகு ஏன் வளைகிறது?
(உலோகவியல் பட்டயப் படிப்பு மாணவர்)

பதில்: விசை ஒன்றுதான், தம்பி. மேல் ரோல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவையே கீழ் ரோலும் திருப்பித் தரும். ஆனால் வளைவைத் தீர்மானிப்பது விசை மட்டும் அன்று. தகட்டின் மேல்பாதி எவ்வளவு நீள்கிறது, கீழ்பாதி எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். கீழ்பாதி சற்று அதிகம் நீண்டால் முனை மேலே தூக்கும். மேல்பாதி அதிகம் நீண்டால் கீழே குனியும். எனவே இரண்டு முகங்களுக்கும் இடையே எங்கோ ஒரு வேறுபாடு நுழைந்துவிட்டது. அது எங்கே நுழைந்தது என்று தேடுவதுதான் நம் வேலை.

நான் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் வெப்பத்தைத்தான். பாளம் உலையிலிருந்து ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸில் வெளியே வருகிறது. ஆனால் உலைக்குள் அது எதன்மீது கிடந்தது? உள்ளே தண்ணீர் ஓடும் எஃகுக் குழாய்களின்மீது. தண்ணீர் ஓடாவிட்டால் அந்தக் குழாய்களே உருக்குலைந்துவிடும் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. பாளத்தின் அடிப்பக்கம் அந்தக் குழாய்களைத் தொட்ட இடங்களில் வெப்பம் குறைவாகவே ஏறியிருக்கும். வெளியே வந்த பாளத்தை உற்றுப் பார்த்தால், பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்துக்கு நடுவே மங்கிய பட்டைகள் குறுக்காக ஓடுவது தெரியும். குழாய்கள் இருந்த இடங்கள் அவைதான்.

அடிப்பக்கம் குளிர்ந்திருந்தால் அது இறுகியிருக்கும். இளகிய மேல்பக்கம் அதிகம் நீளும், முனை பெரும்பாலும் கீழே குனியும். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். ஆக்சைடுச் செதிலை அகற்ற அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறோம். கீழிருந்து அடிக்கும் தண்ணீர் பட்டவுடன் விழுந்துவிடும். மேலிருந்து அடிக்கும் தண்ணீர் பாளத்தின் முதுகில் தேங்கி நிற்கும். தேங்கிய தண்ணீரைத் துடைத்துத் தள்ளும் பக்கவாட்டுப் பீச்சு ஒன்று அடைத்துக்கொண்டால்கூடப் போதும், மேல்பக்கம் குளிர்ந்து அடுத்த தகடு தலை தூக்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உருட்டி முடித்தபின், ரோல்கள் தொடாமலேயே தகடு வளையலாம். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். சூடான எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, சுமார் 0.015 மில்லிமீட்டர் விரியும். 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டில் மேல்முகம் கீழ்முகத்தைவிட 50 டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 0.75 மில்லிமீட்டர் நீள வேறுபாடு வரும். அதனால் தகடு ஏறக்குறைய 67 மீட்டர் ஆரமுள்ள வில்லாக வளைய முயலும். தாங்குதல் இல்லாத 4 மீட்டர் நீள முனை 12 சென்டிமீட்டர் உயர இது போதும். தகட்டின் சொந்த எடை அதில் ஒரு பகுதியை அமுக்கிவிடும். ஆனாலும் ரோலர் மேசைமேல் (தகட்டைத் தாங்கி நகர்த்தும் உருளை வரிசைமேல்) கிடக்கும் தகடு தானாக மெல்ல எழுவதைப் பார்க்கும் புதியவர்கள் திகைத்துப் போகிறார்கள். இரு முகங்களும் ஒரே வெப்பநிலைக்கு வந்தால் இந்த வளைவில் பெரும்பகுதி தானே தணியும். ரோல் கொடுத்த வளைவு தணியாது. ஆகவே, சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாலே எது எது என்று பிரித்துவிடலாம்.

வெப்பத்துக்கு அடுத்து ரோல்களைப் பாருங்கள். ஒரே மோட்டார் இரண்டு ரோல்களையும் சுழற்றும் ஆலையில், மேல் ரோலின் விட்டம் 1,000 மில்லிமீட்டர், கீழ் ரோலின் விட்டம் 999 என்று இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்றில் மேல் ரோலின் பரப்பு நொடிக்கு 3,142 மில்லிமீட்டர் ஓடும், கீழ் ரோலின் பரப்பு 3,138 ஓடும். இந்தச் சிறு வேறுபாட்டை அலட்சியப்படுத்தக் கூடாது. அதனால்தான் ரோல்களை ஜோடியாகவே கிரைண்டிங்குக்கு அனுப்பி, ஜோடியாகவே பொருத்துகிறார்கள். பரப்பின் சொரசொரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று புதிதாகவும் மற்றொன்று தேய்ந்ததாகவும் இருந்தால் உராய்வு மாறும். உராய்வு மாறினால் இழுப்பும் மாறும்.

மூன்றாவது காரணம், பாளம் உள்ளே நுழையும் உயரம். இதை மிகப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாளத்தின் நடுக்கோடும் இரண்டு ரோல்களுக்கு இடைப்பட்ட இடைவெளியின் நடுக்கோடும் நேராகச் சந்திக்க வேண்டும். அதற்குக் கீழ் ரோலின் உச்சி, ரோலர் மேசை மட்டத்தைவிட, அந்த பாஸில் குறைக்கப்போகும் தடிமனில் பாதியளவு உயர்ந்திருக்க வேண்டும் (பாளம் ரோல்களுக்கு இடையே ஒருமுறை போவதை பாஸ் என்கிறோம்). 30 மில்லிமீட்டர் குறைக்கிறோம் என்றால் 15 மில்லிமீட்டர் உயரம். ஆனால் கடைசி பாஸ்களில் 4 மில்லிமீட்டர்தான் குறைப்போம். அப்போது 2 மில்லிமீட்டர் போதும். ஒவ்வொரு பாஸுக்கும் கீழ் ரோலை ஏற்றி இறக்க வசதியில்லாத ஆலைகளே அதிகம் என்பதால், எல்லா பாஸுக்கும் ஓரளவு ஒத்துவரும் ஓர் உயரத்தில் நிறுத்துகிறோம். ரோல் தேயத் தேய, கிரைண்டிங்கில் விட்டம் குறையக் குறைய, அதன் உச்சி தாழும். அடியில் ஷிம் (உயரத்தைச் சரிசெய்யச் செருகும் மெல்லிய உலோகத் துண்டு) கொடுத்து அதை உயர்த்த மறந்தால், பாளம் ஒவ்வொரு முறையும் சாய்வாகவே நுழையும். ரோல் மாற்றிய அன்றே வளைவு தொடங்கியது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஷிம் கணக்கைத்தான்.

முன்முனை மட்டும் ஏன் அதிகம் வளைகிறது என்றும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். நடுப்பகுதி உருளும்போது, ஏற்கெனவே வெளியே வந்த பகுதியின் எடையும் மேசையும் முன்புறம் தாங்குகின்றன. இன்னும் நுழையாத பகுதி பின்புறம் பிடித்துக்கொள்கிறது. முன்முனைக்கு வெளிப்பக்கத்தில் எந்தப் பிடிமானமும் இல்லை. மேலும், ரோல்கள் பாளத்தைக் கவ்வும் அந்த நொடியில் மோட்டாரின் வேகம் சட்டென்று சரிந்து மீளும். மேல் ரோலுக்கும் கீழ் ரோலுக்கும் தனித்தனி மோட்டார் உள்ள ஆலையில் இரண்டும் ஒரே அளவு சரிந்து ஒரே நேரத்தில் மீண்டால் நல்லது. ஒன்று பின்தங்கினால், திரையில் இரண்டு வேகமும் சமம் என்று காட்டிக்கொண்டிருந்தாலும் முன்முனை அதற்குள் வளைந்து முடிந்திருக்கும்.

கேள்வி: கீழ் ரோலை வேகமாக ஓட்டினால் அதைத் தொடும் பக்கம் அதிகம் நீளும், தகடு மெதுவான ரோலின் பக்கமாக வளையும் என்று படித்தேன். எங்கள் ஆலையில் சில பாஸ்களில் அப்படித்தான் நடக்கிறது. வேறு சில பாஸ்களில் வேகமான ரோலின் பக்கமே வளைகிறது. எதை நம்புவது?
(பயிற்சி ஆபரேட்டர்)

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள். நீங்கள் பார்த்தது சரி. படித்ததும் தவறில்லை, ஆனால் அது பாதிதான்.

ரோல் தகட்டைத் தொடும் வளைவின் நீளத்தையும் தகட்டின் சராசரித் தடிமனையும் ஒப்பிடுங்கள். தொடும் நீளத்தைக் கண்டுபிடிப்பது எளிது: ரோலின் ஆரத்தைத் தடிமன் குறைப்பால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். ஆரம் 500 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் பாளத்தை 180 ஆக்குகிறீர்கள் என்றால் தொடும் நீளம் 100 மில்லிமீட்டர். சராசரித் தடிமன் 190. விகிதம் அரையை ஒட்டியிருக்கிறது. அதே ஆலையில் பின்னர் 30 மில்லிமீட்டர் தகட்டை 24 ஆக்கும்போது தொடும் நீளம் 55, சராசரித் தடிமன் 27. விகிதம் 2. கண்ணுக்கு ஒரே வேலையாகத் தெரிந்தாலும், உலோகத்துக்குள் நடப்பது வேறு.

விகிதம் சிறிதாக இருக்கும்போது ரோலின் பிடி மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. பாளத்தின் நடுவயிறு அதிகம் அசைவதில்லை. தடித்த பாளத்தின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு புடைப்புகளும் நடுவில் ஒரு பள்ளமும் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுவே. அந்த நிலையில் ஒவ்வொரு ரோலும் தன் பக்கத்து உலோகத்தை மட்டும் இழுக்கிறது. எந்தப் பக்கம் வேகமோ அந்தப் பக்கம் நீளும் என்ற எளிய விதி அங்கே ஓரளவு பொருந்தும்.

விகிதம் பெரிதாகும்போது இரண்டு ரோல்களின் செல்வாக்கும் தடிமன் முழுதும் ஊடுருவி ஒன்றோடொன்று மோதுகிறது. ரோலுக்குள் நுழையும் பக்கத்தில் தகட்டைவிட ரோல் வேகமாக ஓடுகிறது; வெளியேறும் பக்கத்தில் ரோலைவிடத் தகடு வேகமாக ஓடுகிறது. நடுவே இரண்டும் சமமாகும் ஓர் இடம் உண்டு. வேகமான ரோலில் அந்த இடம் வெளியேறும் பக்கமாக நகர்கிறது. மெதுவான ரோலில் நுழையும் பக்கமாக நகர்கிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் மாட்டிய உலோகத்தை ஒரு ரோல் முன்னே இழுக்க, மற்றொன்று பின்னே இழுக்கிறது. குறுக்குவெட்டே இடைவெளிக்குள் சாய்கிறது. இந்தச் சாய்வும், அழுத்தம் இடம்மாறுவதால் வரும் திருகலும், மேற்பரப்பின் நீட்சியை மிஞ்சிவிட்டால் வளைவின் திசை தலைகீழாக மாறும். எந்த விகிதத்தில் மாறும் என்பது உராய்வையும் குறைப்பின் அளவையும் பொறுத்தது. எல்லா ஆலைக்கும் பொருந்தும் ஒற்றை எண் கிடையாது.

இந்தத் துறையின் அடிப்படைச் சமன்பாட்டைத் தியோடர் வான் கார்மான் 1925இல் எழுதினார். இன்றும் ரோல் விசையைக் கணக்கிட அது உதவுகிறது. ஆனால் அது மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு விசையை அறியலாம், வளைவை அறிய முடியாது. வளைவுக்குப் பிற்காலத்தில் தனி ஆய்வுகள் வந்தன. அவற்றில் ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சூடான எஃகைப் போலவே சாதாரண வெப்பநிலையில் நெகிழும் பிளாஸ்டிசின் களிமண்ணைச் சிறு மாதிரி ஆலையில் உருட்டி, முனை மேலே போவதையும் கீழே போவதையும் ஆராய்ந்தார்கள். தீப்பிழம்பு இல்லாமல், அவசரமில்லாமல், ஒவ்வொரு காரணத்தையும் தனியாக மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு அது. உங்கள் பயிற்சிக்கூடத்தில் இரண்டு சிறு உருளைகள் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். இரண்டு நிறக் களிமண்ணை அடுக்கடுக்காக வைத்து உருட்டி, நடுவே வெட்டிப் பார்த்தால் நான் மேலே சொன்ன சாய்வு கண்முன் தெரியும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. முனை வளைந்தவுடன் வேகத்தைத் திருத்தும் குமிழைத் திருப்புவது பல ஆலைகளில் வழக்கமாகிவிட்டது. தடித்த பாளத்தில் பலன் தந்த அதே திருத்தம், தகடு மெலிந்தபின் வளைவை அதிகமாக்கலாம். அடிப்பக்கம் குளிர்ந்ததால் வந்த வளைவை வேகத்தால் மறைத்தால், அடுத்த பாளம் சீராகச் சூடேறி வரும்போது அது எதிர்த்திசையில் வளையும். இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு நேரான தகட்டைத் தரலாம்தான், ஆனால் அது ஒரு ஷிப்டு முழுதும் நிலைக்காது. எந்த பாஸில், எந்தத் தடிமனில், எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அது பழகியபின் குமிழைத் தொடுங்கள்.

கேள்வி: சில ஆலைகளில் முனை சிறிது மேலே தூக்கும்படி வேண்டுமென்றே ஓட்டுகிறார்களாமே, உண்மையா?
(வாசகி)

பதில்: உண்மை, அது நியாயமானதும்கூட. கீழே குனிந்த முனை ரோலர் மேசையின் உருளைகளை இடிக்கும்; அச்சையும் பேரிங்கையும் கெடுக்கும். இன்னும் மோசமாகப் போனால் கீழ் ரோலைச் சுற்றிக்கொள்ளும். மேலே சற்று தூக்கிய முனை மேசையைத் தொடாமல் போய்விடும். அளவுக்கு மீறினால் மேலேயுள்ள காவல் தகடுகளையும் தண்ணீர்க் குழாய்களையும் மோதும், திரும்பும் பாஸில் ரோலுக்குள் நுழையவும் மறுக்கும். ஆகவே மிகச் சிறிது மட்டுமே.

கேள்வி: எங்கள் தகடுகள் மேலும் கீழும் வளைவதில்லை. மேசைமேல் தட்டையாகத்தான் கிடக்கின்றன. ஆனால் மேலிருந்து பார்த்தால் வாழைப்பழம்போல ஒரு பக்கமாக வளைந்திருக்கின்றன. இதற்கும் ரோல் வேகம்தான் காரணமா?
(உருட்டாலை மேற்பார்வையாளர்)

பதில்: இல்லை. மேல் கீழ் வளைவுக்கு இரண்டு முகங்களின் வேறுபாடு காரணம் என்றால், பக்க வளைவுக்கு இரண்டு விளிம்புகளின் வேறுபாடு காரணம். மோட்டார் இருக்கும் பக்கத்தில் ரோல் இடைவெளி சற்றுக் குறைவாக இருந்தால் அந்த விளிம்பு அதிகம் நசுங்கி அதிகம் நீளும். தகடு எதிர்ப்பக்கமாக வளையும்.

எவ்வளவு சிறிய பிழை போதும் தெரியுமா? 20 மில்லிமீட்டர் தடிமன், 2,500 மில்லிமீட்டர் அகலமுள்ள தகட்டில், ஒரு விளிம்பு மற்றதைவிட வெறும் 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக நசுங்கியது என்று கொள்ளுங்கள். நீள வேறுபாடு அரை சதவீதம், வில்லின் ஆரம் 500 மீட்டர். 20 மீட்டர் நீளத் தகட்டில் இரு முனைகளையும் நூலால் இணைத்தால் நடுவில் 100 மில்லிமீட்டர் விலகல். நடைமுறையில் உலோகம் பக்கவாட்டில் சற்று நகர்ந்து இதில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். ஆனாலும் விளிம்பை நேராக்க வெட்டித் தள்ளும் எஃகு கொஞ்சமாக இருக்காது. முழுதாகச் சூடாக்கி, முழுதாக உருட்டி, கடைசியில் கழிவாக்கும் எஃகைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், செலவே இல்லாதது. பாளத்தை மேசைமேல் கிடைமட்டமாகவே அரைச்சுற்று திருப்பி, இடது விளிம்பு வலப்பக்கம் வரும்படி உருட்டுங்கள். வளைவு அப்போதும் ஆலையின் அதே பக்கமாக வந்தால் குற்றம் ஆலையில்: ரோல் இடைவெளி சாய்ந்திருக்கிறது, அல்லது இருபுற அழுத்தும் திருகுகள் சமமாக இல்லை, அல்லது பாளம் நடுவில் நுழையாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நுழைகிறது. வளைவு பாளத்தோடு சேர்ந்து பக்கம் மாறினால் குற்றம் பாளத்தில்: உலையின் ஒரு பக்கம் கூடுதலாகச் சூடாகியிருக்கிறது, அல்லது வார்ப்பிலேயே பாளத்தின் ஒரு விளிம்பு தடிமனாக வந்திருக்கிறது. அப்படி ஆப்பு வடிவில் வந்த பாளத்தை, இரண்டு விளிம்புகளும் ஒரே விகிதத்தில் மெலியும்படி உருட்டினால் தகடு நேராகவே வரும். ஆப்பு வடிவம் மட்டும் மிஞ்சும். அதை ஒரே பாஸில் சமமாக்க முயன்றால் வளைந்தே தீரும். தடிமனாக இருக்கும் முதல் பாஸ்களிலேயே, உலோகம் பக்கவாட்டில் நகர இடம் இருக்கும்போதே, திருத்திவிடுங்கள்.

கேள்வி: நான் சிறு பட்டறை நடத்துகிறேன். ஆலையிலிருந்து வரும் தகடு கண்ணாடிபோலச் சமமாக இருக்கிறது. ஆனால் கேஸ் கட்டரால் நீளமான பட்டைகளாக வெட்டினால் பட்டை வளைந்துவிடுகிறது. ஓரத்துப் பட்டை மற்றவற்றைவிட அதிகம் வளைகிறது. தகட்டில் குறையா, என் வெட்டில் குறையா?
(பட்டறை உரிமையாளர்)

பதில்: ஓரத்துப் பட்டை அதிகம் வளைகிறது என்று கவனித்தீர்களே, பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது.

வெட்டும்போது சுடர் படும் விளிம்பு விரிய முயல்கிறது. பக்கத்திலுள்ள குளிர்ந்த எஃகு அதை விரியவிடாமல் தடுக்க, அந்த விளிம்பு தனக்குள் நசுங்குகிறது. ஆறியபின் சுருங்கும்போது பழைய நீளத்தைவிடக் குறைந்துவிடுகிறது. எனவே வெட்டிய விளிம்பு உட்குழிந்து பட்டை வளைகிறது. இது எல்லாப் பட்டைக்கும் பொது.

ஓரத்துப் பட்டைக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஆலையில் தகடு ஆறும்போது விளிம்புகள் முதலில் ஆறுகின்றன, நடுப்பகுதி கடைசியில் ஆறிச் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கும்போது ஏற்கெனவே இறுகிவிட்ட விளிம்புகளைச் சேர்த்து இழுக்கிறது. முடிவில் விளிம்பு அமுக்கப்பட்ட நிலையிலும் நடுப்பகுதி இழுபட்ட நிலையிலும் உறைந்துபோகின்றன. தகடு முழுதாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து தட்டையாகக் கிடக்கும். ஓரத்தைப் பட்டையாக வெட்டியவுடன் அமுங்கியிருந்த வெளி விளிம்பு நீள்கிறது. சுடர் தந்த வளைவும் இதுவும் ஒரே திசை என்பதால் இரண்டும் கூடிவிடுகின்றன.

ஒரு பட்டையைச் சுடரே இல்லாமல், ரம்பத்தாலோ தண்ணீர்ப்பீச்சு வெட்டியாலோ வெட்டிப் பாருங்கள். அதுவும் வளைந்தால் அந்த அளவு தகட்டில் உறைந்திருந்த இறுக்கம். மீதி உங்கள் சுடர். சுடரின் பங்கைக் குறைக்க, பட்டையின் இரண்டு விளிம்புகளையும் இரண்டு சுடர்களால் ஒரே நேரத்தில் வெட்டுங்கள். ஓரத்துப் பட்டையாக இருந்தால் ஆலை விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கீற்றையும் சேர்த்து வெட்டி ஒதுக்கிவிடுங்கள். அப்போதுதான் இரு விளிம்பும் ஒன்றுபோலச் சூடாகும். வெட்டை முழுதாக முடிக்காமல் இடையிடையே சிறு பாலங்களை விட்டுவைத்து, எல்லாம் ஆறியபின் அவற்றை அறுங்கள். மிக நேரான பட்டைகள் தேவைப்படும் வேலைக்கு, இறுக்கம் நீக்க மறுபடி சூடாக்கி மெல்ல ஆறவைத்த தகட்டை ஆர்டரிலேயே குறிப்பிட்டுக் கேளுங்கள். விலை கூடும், வளைந்த பட்டைகளைத் தட்டி நேராக்கும் கூலியோடு ஒப்பிட்டு நீங்களே முடிவுசெய்யலாம்.